இருநூறு வருடத்துப் பீச் பழம்

லூ அகென் கடித்தது தப்பான பீச் பழத்தை.

வலது கையில் இருந்தது காலையில் சந்தையில் வாங்கியது. இடது கையில் இருந்தது ஜேட் கல்லில் செதுக்கியது. டிவியில் கதைப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி தோணியில் ஏறுவாளா மாட்டாளா என்ற கட்டம். அகென் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை வாய்க்குக் கொண்டுபோனார். 'டக்' என்று ஒரு சத்தம். அது பல். பதறிப்போய்க் கையை உதறினார். தரையில் இன்னும் இரண்டு 'டக்'. அது பழம்.

முன்பல்லில் பாதியைக் காணோம். போகட்டும், பல்லை யார் கேட்கப்போகிறார்கள்? சிரித்துக் காட்ட அந்த வீட்டில் ஆள் கிடையாது. பழத்தைக் கேட்கத்தான் ஆள் இருந்தது. அதன் கூர்முனை உடைந்து, பக்கத்தில் ஒட்டியிருந்த இலையும் கழன்று நாற்காலிக்கு அடியில் கிடந்தது. பழத்தின் சொந்தக்காரி, கணவரை இழந்து கீழ்மாடியில் தனியாக இருக்கும் வெங் டீச்சர்.

டீச்சர் மகளின் பேறுகாலத்துக்காகக் கனடா போயிருந்தார். புறப்படும் அன்று அகெனைக் கூப்பிட்டு, மேசைமேல் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் அந்தப் பீச்சை வைத்தார். ஜேட்டை எங்கள் ஊரில் கைக்குக் கை கொடுப்பதில்லை. ஒருவர் கீழே வைக்க வேண்டும், வைத்து நகர்ந்த பிறகு மற்றவர் எடுக்க வேண்டும். நடுவில் விழுந்தால் யார் போட்டது என்ற சண்டை வருமே, அதற்காக.

"லூ மாஸ்டர், இது எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா காலத்துப் பீச். இருநூறு வருஷம் ஆச்சு. ஒரு கீறல் இருக்கா பாருங்க!"

"இல்லதான் டீச்சர். இதை வச்சு நான் என்ன பண்ணணும்?"

"தினம் கையில வச்சுத் தடவிக்கிட்டே இருங்க. மனுஷச் சூடு படலன்னா கல்லு வறண்டு போயிடும். மூணு மாசம் பெட்டிக்குள்ள கெடந்தா செத்தே போயிடும்."

"பூனையைக் கொடுத்தாலாவது சோறு போட்டு வளத்துடுவேன்."

"பூனைக்குச் சோறு போதும் மாஸ்டர். இதுக்குக் கை வேணும்."

அகெனிடம் வேறு என்ன இருந்ததோ இல்லையோ, கை இருந்தது. பட்டு ஆலையில் நாற்பது வருடம் தறி ரிப்பேர் பார்த்த கை. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை இல்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. மகன் தொலைவில், செங்டு நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்." "சரிப்பா." அவ்வளவுதான், வைத்துவிடுவான். நல்ல பையன்தான், அவனுக்கும் பேச எதுவும் இல்லை.

மற்றபடி அவருடைய வாழ்க்கையில் பேச்சு என்று இருந்தது நாலு மணிக்கு மட்டும். கீழே டீச்சர் துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு முறை தட்டுவார். டீ தயார் என்று அர்த்தம். இறங்கிப் போனால் சதுரங்கம் ஆடலாம், காயை நகர்த்திவிட்டு டீச்சர் திரும்ப எடுத்துக்கொள்வதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கலாம். டீச்சர் போனபின் நாலு மணிக்கு அகெனின் காது தானாகத் தரைக்குப் போனது. ஒரு நாள் அவரே துடைப்பத்தை எடுத்துத் தரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கீழே காலி வீடு. சத்தம் நன்றாக எதிரொலித்தது. அதன்பிறகு அப்படிச் செய்யவில்லை.

ஆகவே பீச்சிடம் பேசத் தொடங்கினார். ஆலை மேஸ்திரி செய்த அநியாயம், மகன் கல்யாணத்தில் மீன் தீர்ந்துபோனது, மனைவியிடம் சொல்லாமல் விட்டவை எல்லாவற்றையும் தடவிக்கொண்டே சொன்னார். அது ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அந்தப் பீச்சைத்தான் இப்போது கடித்து உடைத்திருந்தார்.

பீச்சை உடைத்தவனை டீச்சர் டீ குடிக்கக் கூப்பிடுவாரா? மாட்டார். நாலு மணிக்குத் தட்டும் சத்தம் இனி இருக்காது. அகென் துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இறங்கினார்.

பாலத்தை ஒட்டிய சந்தில் ஹுவாவின் செதுக்குக் கடை. ஹுவாவுக்கு நாற்பது வயது. வெளியூரில் போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் முன்னால்தான் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். அப்பா மூலையில் தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது அறவே கேட்காது, கண்ணும் மங்கல்.

"ஒரு சினேகிதரோட கல்லு. விழுந்துடுச்சு. ஒட்டிக் கொடு தம்பி," என்றார் அகென். யாருடையது என்று சொல்லவில்லை.

ஹுவா திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒட்டினா வெளிச்சத்துல கோடு தெரியும்ணே. முனையை இழைச்சு வேற பழமா மாத்திடலாம். பேரிக்காய்க்கு அளவெடுத்த மாதிரி இருக்கு, ரெண்டே நாள்."

அகென் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பேரிக்காயா!"

எங்கள் பேச்சில் பேரிக்காயும் 'லி', பிரிவும் 'லி'. ஒரு பேரிக்காயை இரண்டு பேர் வெட்டிப் பங்கு போட்டுச் சாப்பிடக்கூட மாட்டோம்.

"மூணு மாசம் கழிச்சு வர்றவங்க முன்னாடி பிரிவைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

"வர்றவங்களா? வர்றவரு இல்லியா? சினேகிதர்னு சொன்னீங்களே?"

"வேலையைப் பாரு."

"சரிண்ணே, கோச்சுக்காதீங்க. நம்மகிட்ட பழத்துக்கா பஞ்சம்? புத்தர் கை எலுமிச்சை இருக்கு, விரல் விரலா நீண்டிருக்குமே, அது பாக்கியம். ஆனா இந்தக் கல்லு பத்தாது. மாதுளை பண்ணட்டுமா? பிள்ளைகுட்டி பெருகும்."

"எனக்கு அறுபத்தாறு. அவங்களுக்கு அறுபத்து மூணு. நான் மாதுளையைக் கொண்டுபோய் வச்சா கட்டடமே சிரிக்கும்."

"அப்ப ஆப்பிள். சமாதானம். யாரும் தப்பா நினைக்க முடியாது."

பீச் எப்படி ஆப்பிள் ஆனது என்று கேட்டால் என்ன சொல்வது? அதைப் பிறகு யோசிக்கலாம் என்று அகென் தலையாட்டினார். "அடியில எள்ளளவு ஒரு குழி இருக்கு. ஆழம், அதை மட்டும் இழைக்க முடியாது," என்றான் ஹுவா. கிழவர் எழுந்து வந்து, தட்டிலிருந்து கல்லை எடுத்து, அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்தார். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்பா அப்படித்தான். எதைக் கையில எடுத்தாலும் சிரிப்பாரு," என்றான் ஹுவா.

ஆப்பிள் மூன்றாம் நாள் கிடைத்தது. நல்ல ஆப்பிள். ஒரே குறை, நேற்றுப் பிறந்தது போல வெளுத்துப் பளபளத்தது. இருநூறு வருடத்து அழுக்கு ஒன்று கூட இல்லை. டீத்தூளில் போட்டுக் கொதிக்க வைத்தால் பழைய நிறம் வரும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை அகென் நம்பினார். காலையில் சட்டியை அடுப்பில் ஏற்றினார். கொதி வந்ததும் போன் அடித்தது. டீச்சர். வீடியோ கால்.

"மாஸ்டர், சாப்பிட்டாச்சா? எங்க, என் பீச்சைக் காட்டுங்க!"

அகென் தட்டில் இருந்த சந்தைப் பீச்சைப் பிடுங்கிக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். வேறு வழி?

"அட! ஒரு பக்கம் செவப்பு ஏறியிருக்கே! என் கையில இப்படி ஏறினதே இல்ல."

"கை ராசி டீச்சர்."

"அது மேல என்னமோ ஓடுதே?"

அகென் பார்த்தார். "எறும்பு."

"கல்லு மேல எறும்பா?"

"அவ்வளவு பாசமா வளத்திருக்கேன். கல்லுக்கே இனிப்பு வந்துடுச்சு."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார். "கொஞ்சம் வாயைத் திறங்க. பல்லு எங்க மாஸ்டர்?"

அந்தப் பல் போய் ஒரு வாரம். சந்தைக்காரி பார்க்கவில்லை, மாடிப்படியில் தினம் பார்க்கிறவர்கள் பார்க்கவில்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு இவர் பார்த்துவிட்டார். அகென் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வயசு டீச்சர். தானா விழுந்துடுச்சு."

"டாக்டர்கிட்டப் போகாம இருப்பீங்களே, எனக்குத் தெரியும். இங்க ஒரே போர் மாஸ்டர். மருமகன் பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவனுக்குப் புரியல. குழந்தை தூங்குது. மகளும் தூங்குறா. நான் ஜன்னல் வழியா அணிலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்..."

டீச்சர் பேசிக்கொண்டே போனார். அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அகெனுக்கு மூக்கு வேலை செய்தது, எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. போனை வைக்கும்போது அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டியில் தண்ணீர் வற்றி, ஆப்பிள் கருகிய டீத்தூளில் புரண்டு கிடந்தது. அவசரத்தில் பச்சைத்தண்ணீரை ஊற்றினார். ஆப்பிள் இரண்டாகப் பிளந்தது.

"சமாதானம் பாதி போச்சு," என்றான் ஹுவா. "மிச்சத்துல லிச்சி பண்ணலாம்ணே."

"அதுலயும் 'லி' இருக்கே!"

"அது வேற லிண்ணே. பிரிவை ஏத்திச் சொல்லணும், லிச்சியை இறக்கிச் சொல்லணும்."

"எனக்கு முன்பல்லு பாதி. நான் ஏத்தினேனா இறக்கினேனான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் வால்நட் என்று முடிவானது. டீத்தூள் நிறம் நன்றாக ஊறியிருந்ததால் அதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஹுவா ஒவ்வொரு சுருக்கமாகச் செதுக்கினான். முடித்துத் தட்டில் வைத்ததும் கிழவர் மறுபடி வந்து அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் வர இன்னும் பத்து நாள். வால்நட் பழசாகத் தெரிகிறதா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது அகெனுக்கு. கேட்க ஆள் வேண்டுமே. கால்வாய்க் கரை டீக்கடையில் பழைய தபால்காரர் யூ உட்கார்ந்திருந்தார். அவரிடம் அகென் இதுவரை இரண்டு முறை பேசியிருக்கிறார், இரண்டும் மழையைப் பற்றி.

"யூ அண்ணே, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்," என்று, முறைப்படி கைக்குக் கை கொடுக்காமல், மேசைமேல் வைத்து நகர்ந்தார்.

மேசையில் ஏற்கெனவே ஒரு தட்டு வால்நட் இருந்தது. உடைக்க ஒரு சின்னச் சுத்தியலும் இருந்தது. யூ கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"நல்ல காய்," என்றார். ஓங்கி ஒரு போடு போட்டார்.

ஏற்கெனவே வெந்து விரிசல் விட்டிருந்த கல். ஒரே அடியில் போயிற்று. யூ குனிந்து பார்த்தார். "சொத்தை. உள்ள பருப்பே இல்ல. இந்தாங்க, என்னுதுலேருந்து ஒண்ணு எடுத்துக்குங்க," என்று அன்பாகத் தட்டைத் தள்ளினார். அகெனுக்கு அழுகை வந்தது. யூ கொடுத்த வால்நட்டையும் தின்றார், மறுக்கத் தெரியவில்லை.

ஹுவா இந்த முறை தலையில் கைவைத்துக்கொண்டான். "நிலக்கடலைதான்ணே மிச்சம். ஒத்தப் பருப்புக் கடலை பார்க்கப் பரிதாபமா இருக்கும், ஒரே ஓட்டுல ரெண்டு பருப்பு தெரியற மாதிரி பண்ணித் தரேன். அடிக் குழியும் அப்படியே இருக்கும். மனசைத் தேத்திக்குங்க, பீச்சுக்கும் நீண்ட ஆயுசு, கடலைக்கும் நீண்ட ஆயுசு. பலன் மாறல."

"அடுத்து விழுந்தா?"

"எள்ளு."

குடும்பங்கள் ஒன்றுகூடும் நடுஇலையுதிர்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் வந்து சேர்ந்தார். நாலு மணிக்குக் கீழேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. மூன்று மாதமாக ஏங்கிய சத்தம். அகென் கடலையைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மேசையில் டீ இருந்தது, சதுரங்கப் பலகை விரித்திருந்தது, கனடா மிட்டாய் ஒரு தட்டில் இருந்தது. டீச்சர் கொஞ்சம் இளைத்திருந்தார். "வாங்க மாஸ்டர்! வாங்க! பல்லு கட்டலியா இன்னும்?"

அகென் உட்காரவில்லை. பட்டுத்துணியை விரித்தார். கடலையை வைத்தார். நகர்ந்து நின்றார்.

டீச்சர் அதைப் பார்த்தார். அகெனைப் பார்த்தார். "என்னது இது?"

"பீச்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பல்லில் தொடங்கி, ஆப்பிள், எறும்பு, டீச்சட்டி, சுத்தியல் வரை ஒன்று விடாமல் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தார். டீச்சர் திட்டவில்லை. கடலையை எடுத்து அடியில் தடவினார். அவர் முகம் வெளிறியது.

"யாருகிட்டக் கொடுத்தீங்க?"

"பாலத்துப் பக்கம், ஹுவா கடை."

டீச்சர் கடலையைப் படக்கென்று துணிமேல் வைத்தார். "இந்த ஊர்ல உங்களுக்கு வேற கடையே கெடைக்கலையா?"

"அவன் நல்லாத்தான் செஞ்சான். நான் கல்லை மாத்தி வைக்கல டீச்சர். நம்பலன்னா வாங்க, அவனையே கேப்போம்."

"வேணாம்."

"பத்து நிமிஷ நடைதான்."

"வேணாம்னா விடுங்களேன்!"

டீச்சர் இப்படிக் கத்தி அகென் கேட்டதில்லை. எல்லாம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. இனி நாலு மணி வரும், போகும். அதற்காக ஒரு கெட்ட பெயரோடு மேல்மாடியில் உட்கார்ந்திருக்க முடியாது.

"திருடன்னு நினைச்சுக் கதவைச் சாத்தாதீங்க டீச்சர். முட்டாள்னு நினைச்சுச் சாத்திக்குங்க. எனக்கு அது போதும். அதுக்காக மட்டும் ஒரு தடவை வாங்க."

டீச்சர் விரித்திருந்த சதுரங்கப் பலகையை மடித்து வைத்தார். பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

மழை இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் டீச்சர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, பத்தடி பின்னால் வந்தார். தன்னோடு சேர்ந்து நடக்கக்கூட அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்து அகென் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் இரண்டு பேர் பண்டிகைப் பலகாரமான மூன்கேக் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கடையில் அகென் கடலையைத் தட்டில் வைத்தார். "தம்பி, நீயே சொல்லு. இது அதே கல்லுதானே?"

"சத்தியமா அதே கல்லும்மா! ஒவ்வொரு தடவையும் என் கையாலதான் இழைச்சேன். இந்த அண்ணன் மேல தப்பே இல்ல... தப்பு இருக்கு, ஆனா திருட்டு இல்ல," என்றான் ஹுவா.

டீச்சர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குடையைத் தாழ்த்திக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். "சரி, நம்பிட்டேன். போகலாம் மாஸ்டர். சீக்கிரம்," என்றார்.

மூலையில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது. கிழவர் எழுந்து வந்து தட்டைத் தடவிக் கடலையை எடுத்தார். அடியில் கட்டைவிரலை வைத்தார். இந்த முறை வாய்விட்டே சிரித்தார். இடுங்கிய கண்ணால் அகெனை ஒரு பார்வை, வாசல் குடையை ஒரு பார்வை. பிறகு கடலையைத் தட்டில் வைக்காமல், முறையெல்லாம் மறந்து, அகெனின் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார். காது கேட்காதவர் இல்லையா, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சரம்மா! இந்தக் குழியைத் தொட்டாலே எனக்குக் கல்லு தெரிஞ்சிடும். முதல்ல புத்தர் கையை உடைச்சுட்டு வந்தீங்க, மாதுளையாக்கிக் கொடுத்தேன். அப்புறம் மாதுளையை உடைச்சுட்டு வந்தீங்க, பீச்சாக்கிக் கொடுத்தேன். ரெண்டு தடவையும் தனியா உடைச்சுட்டு, தனியா வந்து, தனியா அழுதீங்க. இப்பத்தான் கூட உடைக்க ஒரு ஆளு கெடச்சிருக்காரு, இவரையாவது கீழ போட்டுடாம பத்திரமா வச்சுக்குங்க!"